முன்னவர் யார்? ரயில் ஓட்டுநர்களின் பதவி உயர்வும் நீதிமன்றங்களும்

இந்திய ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுபவர்கள் தொடுத்த பதவி உயர்வு வழக்குகளும், சக ஊழியர்கள் அவர்களுக்கு எதிராகத் தொடுத்த வழக்குகளும் பல பத்தாண்டுகளாகத் தீர்ப்பாயங்களிலும் உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் விசாரிக்கப்பட்டு வருகின்றன. வழக்குகளின் வடிவம் பலவாக இருந்தாலும் அவற்றின் அடியில் கிடப்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒரே வேலைக்குத் தகுதி பெற்ற இருவரில் யாரை முன்னவர் என்று கொள்வது, அந்த முன்னுரிமையை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது என்பதே அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் காகிதச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் ஓர் ஓட்டுநர் சரக்கு ரயிலிலிருந்து பயணிகள் ரயிலுக்கு எப்போது மாறுவார், எந்த ஊரில் குடியிருப்பார், ஓய்வு பெறும்போது எவ்வளவு ஓய்வூதியம் பெறுவார் என்பதெல்லாம் பணிமூப்புப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருக்கும் வரிசை எண்ணையே சார்ந்திருப்பதால், அந்த எண்ணுக்காக அவர் நீதிமன்றப் படி ஏறுவதில் வியப்பொன்றும் இல்லை.

ஓடும் ரயிலில் வேலை செய்யும் ஓட்டுநர்கள், உதவி ஓட்டுநர்கள், கார்டுகள் ஆகியோரை ரயில்வேயில் ‘ரன்னிங் ஸ்டாஃப்’ என்று அழைக்கிறார்கள். ஓட்டுநரின் இன்றைய பதவிப் பெயர் லோகோ பைலட். ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியத்தின் தேர்வு எழுதியோ, கீழ்நிலைப் பணியிலிருந்து துறைத் தேர்வு எழுதியோ வருபவர் முதலில் உதவி லோகோ பைலட்டாகச் சேர்கிறார். பிறகு அவர் முதுநிலை உதவி லோகோ பைலட்டாகி, நிலைய வளாகத்தில் பெட்டிகளை இணைத்தும் பிரித்தும் நகர்த்தும் ஷன்டிங் பணியைக் கடந்து, சரக்கு ரயில், பயணிகள் ரயில், மெயில் மற்றும் எக்ஸ்பிரஸ் ரயில் என்று படிப்படியாக மேலேறுகிறார். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் உதவி லோகோ பைலட்டின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய்; சரக்கு ரயில் லோகோ பைலட்டுக்கு அது 35,400 ரூபாய். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு சரக்கு, பயணிகள், மெயில் என்ற மூன்று படிகளும் ஒரே ஊதிய நிலைக்குள் வந்துவிட்டன. அதாவது பொறுப்பு கூடுகிறது, வேகம் கூடுகிறது, பின்னால் அமர்ந்திருக்கும் உயிர்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஊதிய நிலை மட்டும் மாறுவதில்லை. இந்த ஒரு முடிவிலிருந்தே தனியாக ஒரு வழக்குக் குடும்பம் பிறந்தது.

அப்படியானால் பதவி உயர்வு கிடைத்து என்ன பயன் என்று கேட்கலாம். அடிப்படைச் சம்பளத்தைத் தவிர ஓட்டுநருக்கு ‘ரன்னிங் அலவன்ஸ்’ எனப்படும் ஓட்டப்படி உண்டு. ஓட்டிய தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிட்டு வழங்கப்படும் இந்தப் படியின் வீதம் பதவிக்குப் பதவி வேறுபடும். விரைவு ரயில் ஓட்டுபவர் ஒரே பணிநேரத்தில் பல நூறு கிலோமீட்டர் கடந்துவிடுவார். சரக்கு ரயில் ஓட்டுபவரோ சிக்னல் கிடைக்காமல் லூப் லைன் எனப்படும் பக்கத் தடத்தில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு, மிகக் குறைந்த தொலைவுடன் பணி முடிப்பார். ஓட்டப்படியின் ஒரு பகுதி சம்பளமாகவே கருதப்படுகிறது. வேறு பணிக்கு மாறும்போது சம்பளத்தை நிர்ணயிக்க அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும், ஓய்வூதியக் கணக்குக்கு 55 சதவீதமும் சேர்க்கப்படும். இந்த ஓய்வூதியச் சதவீதம் முன்பு 75 வரை இருந்தது. அதைக் குறைத்து 1988 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கைகளை ரயில்வே 1973 வரை பின்னோக்கிச் செல்லும்படி ஆக்கியபோது, அந்தப் பின்தேதி நடைமுறை செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1997 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஓய்வு பெற்ற நாளில் ஊழியருக்குச் சேர்ந்துவிட்ட உரிமையைப் பின்னால் எழுதும் விதியால் பறிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பதவி உயர்வு வழக்குகளிலும் இந்த வாதம் வேறு வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகிறது.

விதிகள் எங்கே இருக்கின்றன என்பதே பலருக்குக் குழப்பமான செய்தி. அரசுப் பணியாளரின் பணி நிபந்தனைகளை வகுக்க அரசியலமைப்பின் 309ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதன்கீழ் அமைந்த ரயில்வே பணியாளர் சட்டத்தொகுப்பு, கடைநிலை, இடைநிலை ஊழியர்களுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை ரயில்வே வாரியத்திடம் விட்டிருக்கிறது. வாரியம் வகுத்த விதிகள் 309ஆம் பிரிவின் விதிகளுக்கு இணையான வலிமை உடையவை என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நடைமுறையில் ஓட்டுநரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை ரயில்வே பணியாளர் கையேடு, அதற்கு அவ்வப்போது வரும் திருத்தச் சீட்டுகள், வாரியத்தின் எண்ணற்ற கடிதங்கள், மண்டலத் தலைமையகத்தின் விளக்கக் கடிதங்கள் ஆகியவையே. எந்தக் கடிதம் விதி, எது வெறும் விளக்கம், விளக்கம் என்ற பெயரில் வந்தது உண்மையில் விதியையே மாற்றிவிட்டதா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதிகள் புதிதாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பணியாளரின் முழு எதிர்காலத்தையும் ஆளும் விதிகளை இப்படித் துண்டுத் துண்டாகக் கடிதங்களில் எழுதி வைப்பது தவறு என்றே சொல்ல வேண்டும். வழக்குகளில் கணிசமான பகுதிக்கு இந்தப் பழக்கமே விதையாக இருக்கிறது.

பணிமூப்பு கணக்கிடப்படும் முறையைப் பார்த்தால் தகராறு எங்கே முளைக்கிறது என்பது விளங்கும். ஓட்டுநர்களின் பணிமூப்பு பொதுவாகக் கோட்ட அளவில் பராமரிக்கப்படுகிறது. தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என்று ஆறு கோட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். நேரடித் தேர்வில் வந்தவர்கள் பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்து எழுதும் இறுதித் தேர்வின் மதிப்பெண் வரிசைப்படி பட்டியலில் இடம் பெறுவர் என்பது கையேட்டின் விதி. முந்தைய ஆள்சேர்ப்பில் தேர்வானவர்கள் பிந்தைய ஆள்சேர்ப்பில் தேர்வானவர்களுக்கு மேலே இருப்பார்கள் என்பது மற்றொரு விதி. படிக்கும்போது இரண்டும் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் முந்தைய ஆள்சேர்ப்பில் தேர்வான ஒருவரின் மருத்துவச் சான்றோ காவல்துறைச் சரிபார்ப்போ தாமதமாகி, அவர் பிந்தைய குழுவோடு பயிற்சிக்கு அனுப்பப்பட்டால் அவர் இடம் எது? பயிற்சியில் முதல் முயற்சியில் தேறாமல் மறுதேர்வில் தேறியவரை எங்கே வைப்பது? துறைத் தேர்வில் வந்தவர்கள் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்க, அவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய நேரடி ஒதுக்கீட்டு இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்து, பிறகு ஒரே வீச்சில் நிரப்பப்பட்டால் புதியவர்கள் எந்த ஆண்டோடு சேர்க்கப்படுவார்கள்? காலியிடம் தோன்றிய ஆண்டைக் காட்டி அப்போது பணியிலேயே இல்லாதவருக்குப் பணிமூப்பு தரக்கூடாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏழாண்டுகளுக்கு முன் தானே சொன்ன மாறான கருத்தை அந்தத் தீர்ப்பில் அது கைவிட்டது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் தயாரான பட்டியல்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் ஊழியர்களின் தவிப்பு புரியும்.

இடமாற்றம் அடுத்த சிக்கல். வடமாநிலக் கோட்டமொன்றில் வேலை கிடைத்த தமிழ்நாட்டு இளைஞர் சொந்த ஊர்ப் பக்கம் வர விரும்பி விண்ணப்பித்தால், புதிய கோட்டத்தில் அந்தப் பதவியில் ஏற்கெனவே இருக்கும் எல்லோருக்கும் கீழே, பட்டியலின் அடியில்தான் அவர் அமர்த்தப்படுவார். இருவர் ஒருவர் இடத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டால், இருவரில் யாருடைய பணிமூப்பு குறைவோ அதுவே இருவருக்கும் பொருந்தும். இவை ஊழியர் தெரிந்தே ஏற்கும் இழப்புகள் என்பதால் இவற்றை நீதிமன்றம் பொதுவாக மாற்றுவதில்லை. ஆனால் நிர்வாகமே எல்லைகளை மாற்றும்போது கதை வேறு. 2007 நவம்பர் 1 அன்று சேலம் கோட்டம் உருவானதைப் போலப் புதிய கோட்டமோ மண்டலமோ அமைக்கப்படும்போது, ஊழியர்களிடம் விருப்பம் கேட்கப்படுகிறது, பழைய பட்டியல்கள் உடைக்கப்பட்டுப் புதியவை தொகுக்கப்படுகின்றன. விருப்பம் தெரிவித்தும் விடுவிக்கப்படாதவர், காலம் கடந்து விடுவிக்கப்பட்டவர், இடைப்பட்ட நாளில் பழைய இடத்தில் பதவி உயர்வு பெற்றுவிட்டவர் என்று மூவகையினரும் ஒரே பட்டியலில் வந்து சேரும்போது மோதல் தவிர்க்க முடியாததாகிறது.

தொழில்நுட்ப மாற்றமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். நீராவிக் காலத்தில் எஞ்சின் துடைப்பவராகச் சேர்ந்து, கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகி, ஷன்டராகி, பிறகு டிரைவராவது வழக்கம். டீசலும் மின்சாரமும் வந்து நீராவி ஷெட்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது உபரியான மூத்த ஊழியர்கள் டீசல், மின்சாரப் பிரிவுகளுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே ஏற்கெனவே கூடுதல் கல்வித் தகுதியோடு சேர்ந்து புதிய எஞ்சினைக் கற்றிருந்த இளையவர்கள், இருபது ஆண்டு நீராவி அனுபவம் டீசல் பட்டியலில் தங்களை எப்படிப் பின்தள்ளலாம் என்று கேட்டார்கள். உலைக்கு முன் நின்று உடல் வெந்தவர்களோ, எஞ்சின் மாறியதற்குத் தாங்கள் ஏன் தண்டனை பெற வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருந்தது. ஒன்றை ஏற்றால் மற்றது காயப்படும் இத்தகைய வழக்குகளில், யார் சரி என்பதைவிட மாற்றத்தின்போது நிர்வாகம் அறிவித்த நிபந்தனை என்ன, அது எழுத்தில் இருந்ததா என்பதே தீர்ப்புக்கு அடிப்படையாக அமையும்.

இந்தியாவில் பதவி உயர்வில் இடஒதுக்கீடு குறித்த சட்டத்தின் வரலாற்றைக் கணிசமான அளவுக்கு ரயில்வே வழக்குகளே எழுதின என்பது பரவலாக அறியப்படாத உண்மை. அதன் தொடக்கம் சென்னை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்விலும் இடம் ஒதுக்கி 1959இல் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கைகளைத் தெற்கு ரயில்வேயின் ஊழியர் ஒருவர் எதிர்த்தார்; சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1961 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூன்று நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அந்தத் தீர்ப்பை மாற்றிச் சுற்றறிக்கைகளை ஏற்றது. ரங்காச்சாரி வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். 1980இல் ரயில்வேயின் இடஒதுக்கீட்டுச் சுற்றறிக்கைகள் மீண்டும் எதிர்க்கப்பட்டபோது நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இடம்பெற்ற அமர்வு அவற்றை நிலைநிறுத்தியது. 1992 நவம்பரில், பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு குறித்த மண்டல் வழக்கின் தீர்ப்பு, பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்று கூறி ரங்காச்சாரி தீர்ப்பின் அந்தப் பகுதியை நீக்கியது. 1995இல் நாடாளுமன்றம் 77ஆவது திருத்தத்தின் வழியாகப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதை மீட்டளித்தது.

ஓட்டுநர்களையும் கார்டுகளையும் மிக நெருக்கமாகத் தொட்ட வழக்கு அதே 1995 அக்டோபரில் வந்தது. வடக்கு ரயில்வேயின் கார்டுகள் சம்பந்தப்பட்ட வீர்பால் சிங் சௌஹான் வழக்கு அது. அப்போது கார்டுகளுக்குச் சி, பி, ஏ, ஏ ஸ்பெஷல் என்று நான்கு படிகள் இருந்தன. சி நிலையில் இளையவரான பட்டியல் சாதி ஊழியர் ஒருவர், ஒதுக்கீட்டு இடங்களை வரிசைப்படுத்தும் சுழற்சிப் பட்டியலின்படி பி நிலைக்கு முதலில் உயர்கிறார் என்று கொள்வோம். சில ஆண்டுகள் கழித்து, சி நிலையில் அவருக்கு மூத்தவரான பொதுப்பிரிவு ஊழியரும் பி நிலைக்கு வந்து சேர்கிறார். இப்போது ஏ நிலைக்கு யாரை முதலில் கருத வேண்டும்? முன்பே வந்தவரையா, பழைய மூத்தவரையா? பின்னால் வந்தாலும் பழைய மூத்தவர் தன் இடத்தை மீட்டுக்கொள்வார் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த மீட்பு விதியை 1996இல் ஓர் அமர்வு பின்பற்றியது. 1997இல் வேறோர் அமர்வு மாறாகச் சொன்னது. 1999 செப்டம்பரில் அஜித் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மீட்பு விதியையே உறுதி செய்தது. நாடாளுமன்றம் 85ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, இடஒதுக்கீட்டில் உயர்ந்தவருக்கு அந்த உயர்வோடு சேரும் பணிமூப்பும் உண்டு என்று 1995 ஜூன் 17 முதல் செயல்படும்படி எழுதிவைத்தது. ஆறேழு ஆண்டுகளுக்குள் ஒரே பட்டியலை ஒருமுறை இப்படியும் மறுமுறை அப்படியும் திருத்த வேண்டிய கட்டாயம் கோட்ட அலுவலகங்களுக்கு நேர்ந்தது.

இடஒதுக்கீட்டை எதன்மேல் கணக்கிடுவது என்ற கேள்வியிலும் ரயில்வே வழக்கே முன்னோடி. வருகிற ஒவ்வொரு காலியிடத்துக்கும் சுழற்சி முறையைப் பயன்படுத்திக்கொண்டே போனால், மொத்தப் பதவிகளில் ஒதுக்கீட்டின் அளவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முறையே விதித்த 15 சதவீதத்தையும் ஏழரை சதவீதத்தையும் தாண்டிவிடும் என்ற வாதத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1977இல் ரயில்வே ஊழியர் வழக்கொன்றில் ஏற்றது. 1995 பிப்ரவரியில் சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே முடிவுக்கு வந்தது: கணக்கு பதவிகளின் மேல் இருக்க வேண்டும், காலியிடங்களின் மேல் அல்ல. அதன்படி 1997இல் ரயில்வே பதவி அடிப்படையிலான சுழற்சிப் பதிவேட்டுக்கு மாறியது. பின்னர் 2006இல் நாகராஜ் வழக்கும், 2018இலும் 2022 ஜனவரியிலும் ஜர்னைல் சிங் வழக்கும், போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதை அரசு தரவுகளால் காட்ட வேண்டும், அந்தத் தரவும் குறிப்பிட்ட பதவிப் பிரிவு அளவில் திரட்டப்பட வேண்டும் என்று வரையறுத்தன.

இந்த விவாதத்தில் சிலர் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒதுக்கீட்டையே ஐயப்படுவது சரியல்ல. ஓட்டுநர் இருக்கையில் அமர்பவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பார்வைத் தரம் ஒன்றே. தான் ஓட்டப்போகும் தடத்தைப் பகலிலும் இரவிலும் பயணித்துக் கற்று, ஒவ்வொரு சிக்னலும் எங்கே நிற்கிறது, எங்கே ஏற்றம், எங்கே வேகக் கட்டுப்பாடு என்பதை அறிந்து, தடம் தெரியும் என்று கையெழுத்திட்ட பிறகே எவரும் அங்கே தனிப்பொறுப்பில் ரயிலை எடுக்க முடியும். ஓடும்போது ஓட்டுநரும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் உரக்கச் சொல்லி ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொள்கிறார்கள். சாதி அறியாத இந்த ஒழுங்கே பயணிகளைக் காக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் மெயில் ரயிலின் ஓட்டுநர் இருக்கைவரை வந்து சேர்ந்தது இந்தியக் குடியரசின் மெய்யான சாதனைகளுள் ஒன்று. அதே சமயம், கணக்கில் நேரும் பிழையால் ஒரு தனிமனிதர் தன் வரிசையை இழந்தால் அதைத் திருத்தக் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு. பிழை பெரும்பாலும் கொள்கையில் இல்லை. பதிவேட்டைக் காலத்தில் சரியாக எழுதாத அலுவலகத்தில் இருக்கிறது.

விதி நடுவழியில் மாறும்போது எழும் வழக்குகள் இன்னொரு வகை. பழைய விதி நடைமுறையில் இருந்தபோது தோன்றிய காலியிடத்தைப் பழைய விதிப்படியே நிரப்ப வேண்டும் என்று 1983 முதல் ஊழியர்கள் நம்பிக்கையோடு வாதாடி வந்தார்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டு, பதவி உயர்வு கருதப்படும் நாளில் நடைமுறையில் இருக்கும் விதியே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஊழியருக்குப் பதவி உயர்வுக்குக் கருதப்படும் உரிமை மட்டுமே உண்டு, பதவி உயர்வு பெற்றே தீரும் உரிமை இல்லை என்ற பழைய கோட்பாட்டின் நீட்சி இது. சட்டப்படி இது ஏற்கத்தக்கதே. ஆனால் காலியிடத்தை உரிய ஆண்டில் நிரப்பாமல் காலம் தாழ்த்திய நிர்வாகம், தன் தாமதத்தினாலேயே ஊழியர் புதிய, கடினமான தகுதிக்குள் விழ நேர்ந்ததற்கு எந்த விலையும் கொடுப்பதில்லை என்பது இதிலுள்ள குறை.

ஒழுங்கு நடவடிக்கையும் பதவி உயர்வைத் தடுக்கலாம். சிவப்பு சிக்னலைக் கடந்துவிடுவது ஓட்டுநர் செய்யக்கூடிய மிகக் கடுமையான தவறுகளில் ஒன்று. அப்படி நேர்ந்தால் விசாரணை, பணியிடை நீக்கம், பதவியிறக்கம், சில வேளை பணிநீக்கம் வரை செல்லும். விசாரணை நடக்கும் காலத்தில் பதவி உயர்வு முடிவை உறையிலிட்டு மூடி வைப்பார்கள். எந்தக் கட்டத்திலிருந்து அப்படி மூடலாம் என்பதை 1991இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஊழியருக்கு வழங்கப்பட்ட பிறகே முடியும், வெறும் பூர்வாங்க விசாரணையைக் காட்டி ஒருவரின் பதவி உயர்வை நிறுத்தி வைக்க முடியாது. 1981இல் நடந்த லோகோ ஊழியர் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றதற்காக விசாரணையே இன்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களின் வழக்கு இதைவிடத் துயரமானது. 1993இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் பணியில் சேர்க்கவும் மூன்றாண்டுச் சம்பளத்துக்கு இணையான இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்குக்கு மட்டுமே தொடர்ச்சியாகக் கொள்ளப்படும், பதவி உயர்வுப் பலன் கிடையாது என்றும் சேர்த்துக் கூறியது. தவறான முறையில் நீக்கப்பட்டவர்கள் திரும்பி வந்தபோது, தங்களிடம் வேலை கற்றவர்கள் தங்களுக்கு மேலே இருப்பதைப் பார்க்க நேர்ந்தது.

பார்வைத் தரத்தில் தவறிய ஓட்டுநரின் நிலையும் தனிக் கவனத்துக்கு உரியது. மிக உயர்ந்த மருத்துவப் பிரிவான ஏ-1 தரத்தில் அவர் பணிக்காலம் முழுவதும் நிலைத்திருக்க வேண்டும். தவறினால் எஞ்சினிலிருந்து இறக்கப்பட்டு வேறு பணிக்கு அனுப்பப்படுவார். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமும், பணிக்காலத்தில் இயலாமை நேர்ந்தவரின் பதவி நிலையைக் குறைக்கக் கூடாது என்றும், மாற்றுப் பதவி இல்லையெனில் கூடுதல் பதவி உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தன. அவர் சம்பளத்தோடு ஓட்டப்படிக்கான 30 சதவீதமும் சேர்க்கப்படுவதால், அலுவலகப் பிரிவில் அவர் உயர்ந்த நிலையில் வந்து அமர்கிறார். இணையான பதவியில் அவர் பார்த்த பணிக்காலம் பணிமூப்புக்கும் கணக்காகிறது. அங்கே பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் எழுத்தர் தன் வாய்ப்பு தள்ளிப்போவதாக வழக்குத் தொடுப்பது இதனால்தான். உயிரைப் பணயம் வைத்து உழைத்தவரை ரயில்வே கைவிடாதது சரியே. அதன் சுமையைப் பக்கத்து மேசைக்காரர் மேல் இறக்காமல் கூடுதல் பதவிகளை உருவாக்கித் தானே ஏற்பதுதான் முழு நியாயம்.

சம்பள முரண் வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓட்டுநர்களைக் கண்காணிக்கும் லோகோ இன்ஸ்பெக்டர் பதவிக்கு முன்பே சென்ற மூத்தவர், ஊதியக் குழுவுக்குப் பிறகு அதே பதவிக்கு வந்த இளையவரைவிடக் குறைவாகச் சம்பளம் பெறும் நிலை ஒவ்வொரு ஊதியக் குழுவின்போதும் தோன்றுகிறது. இளையவருக்குப் புதிய சம்பளத்தின் மேல் 30 சதவீதம் சேர்வதே காரணம். 2008 செப்டம்பர் முதல், பதவி உயர்வு இல்லாமல் 10, 20, 30 ஆண்டுகள் முடித்தவருக்கு நிதி உயர்வு தரும் திட்டம் வந்தது. ஒரே ஊதிய நிலைக்குள் நடக்கும் பதவி உயர்வையும் பெற்ற உயர்வாகவே கணக்கிட வேண்டும் என்று அந்தத் திட்டம் கூறுவதால், சரக்கிலிருந்து பயணிகள் ரயிலுக்குப் போன ஓட்டுநர், பணமே கூடாத ஓர் உயர்வுக்காகப் பணம் தரும் ஓர் உயர்வை இழந்துவிட்டதாக முறையிடுகிறார். குடும்பத்தைப் பிரிந்து தொலைவில் உள்ள டிப்போவுக்குப் போக விரும்பாமல் பதவி உயர்வையே மறுத்து எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்கள் ஓராண்டுக்கு மறுபடி கருதப்படமாட்டார்கள். அதற்குள் உயர்ந்த இளையவர்களுக்கு நிரந்தரமாகக் கீழே போய்விடுவார்கள்.

வழக்குக்குச் செல்லும் ஓட்டுநருக்கு முதல் வாசல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். 1985 நவம்பரில் தொடங்கிய இதற்குச் சென்னையிலும் எர்ணாகுளத்திலும் அமர்வுகள் உள்ளன. 1997இல் ஏழு நீதிபதிகள் அமர்வு கூறியபடி, தீர்ப்பாயத்தின் முடிவை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் எதிர்க்கலாம். அதன் பிறகே உச்ச நீதிமன்றம். மூன்று கட்டங்களையும் கடப்பதற்குள் மனுதாரர் ஓய்வு பெற்றுவிடுவது அரிதல்ல. அப்படி வென்றாலும், நிர்வாகப் பிழையால் பதவி உயர்வு தவறியவருக்குப் பணிமூப்பும் சம்பள நிர்ணயமும் பின்தேதியிட்டு வழங்கப்படுமே தவிர, அந்தப் பதவியின் பொறுப்பை அவர் உண்மையில் சுமக்காததால் நிலுவைத் தொகை கிடையாது என்று கையேடு சொல்கிறது. ஓட்டாத கிலோமீட்டருக்கு ஓட்டப்படியும் இல்லை. ஓட்டுநர் செய்யாத பிழைக்கு ஓட்டுநரே விலை கொடுக்கும் இந்த விதி மாற்றப்பட வேண்டும்.

தாமதமாக வருபவரை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. தனக்குக் கீழே இருந்தவர் தன்னைத் தாண்டி உயர்த்தப்பட்டதாகக் கருதுபவர் ஆறு மாதத்தில், அதிகம் போனால் ஓராண்டுக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று, தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒருவர் பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974இல் கூறியது. தீர்ப்பாயச் சட்டமும் ஓராண்டு வரம்பையே விதிக்கிறது. பாதிக்கப்படக்கூடிய சக ஊழியர்களைப் பிரதிவாதிகளாகச் சேர்க்காமல் தொடுத்த வழக்கு அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடியாவதும் உண்டு.

ரயில்வே நிர்வாகம் செய்ய வேண்டியது புதுமையானது எதுவும் இல்லை. கோட்டம்தோறும் பணிமூப்புப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வெளியிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த இடம் எந்த விதியின்கீழ் தரப்பட்டது என்று எழுதி, லாபி எனப்படும் பணிப்பதிவு அறையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்து, ஆட்சேபங்களுக்குக் காரணம் காட்டிப் பதில் தந்தால் வழக்குகளில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். ஓட்டுநர்கள் தங்கள் பங்குக்கு அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று பணியாளர் கையேட்டில் உள்ளது. பட்டியல் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஊழியர் தன் இடம் குறித்து முறையிடலாம். அதன் பிறகு வரும் முறையீடுகள் ஏற்கப்படமாட்டா. எனவே தற்காலிகப் பட்டியல் கையில் கிடைத்த அன்றே தன் பெயரையும் தனக்கு மேலும் கீழும் உள்ள பெயர்களையும் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, தவறு இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, அலுவலக முத்திரையோடு அதன் நகலைப் பத்திரப்படுத்தி வைப்பதை ஒவ்வொரு லோகோ பைலட்டும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.